வாய்க்கால் ரோட்டில் பதின்மூன்று மீட்டர்

தார் ரோட்டில் சாக்பீஸால் எழுதுவதாக இருந்தால் முதலில் அதைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். நனைக்காமல் எழுதினால் பொடிப்பொடியாக உதிர்ந்து முதல் லாரிக்கே காணாமல் போய்விடும். நனைத்து எழுதினால் எழுதுகிற நேரத்தில் கண்ணுக்கே தெரியாது. பத்து நிமிடம் கழித்துக் காய்ந்ததும் பளிச்சென்று எழும்பி வரும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இரண்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் எழுதி எழுதி நானே தெரிந்துகொண்டது. என் பெயரை மறந்துவிட்டு எல்லோரும் என்னைச் சாக்பீஸ் என்றே கூப்பிடுவதில் எனக்கு வருத்தம் இல்லை. வேலைக்கு ஏற்ற பெயர்தான்.

நடந்ததை எழுதிக் கொடுக்கும்படி தலைவர் கேட்டிருக்கிறார். முதலில் வாயால்தான் கேட்டார். நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்தபடி கால் மணி நேரம் நின்றதும் அவருக்கே பாவமாகிவிட்டது. "சரிம்மா, எழுதிக் குடு. கமிட்டியில படிச்சுக்கிறோம். நிதானமா எழுது," என்றார். கமிட்டியில் புதிதாகச் சேர்ந்தவர்களும் இருப்பதால் பழைய ஆட்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். பழைய ஆட்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தலைவர் முப்பத்தொரு வருடம் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். இத்தனை வருடம் உட்கார்ந்தே ஓடியாகிவிட்டது, இனிமேல் நின்று ஓடிப் பார்க்கலாம் என்றுதான் இந்த ஓட்டக் குழுவை ஆரம்பித்ததாகச் சொல்வார். இப்போது அவர் ஓடுவதில்லை. விசில் ஊதுகிறார். பச்சைக் கொடியும் கொண்டுவந்துகொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு டிக்கெட் எங்கே எடுப்பது என்று கேட்ட நாளிலிருந்து கொடி வீட்டில் இருக்கிறது.

மருந்துக்கடைக்காரரை வைத்துத்தான் குழுவின் முக்கியமான சட்டமே வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் அவர், எத்தனை கிலோமீட்டர் ஓடினோம் என்று தானாகச் சொல்லும் கடிகாரம் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்துக்கொண்டே ஓடினார். ரோடு திரும்பிய இடத்தில் அவர் திரும்பவில்லை. நேராக வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டார். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டும் முதல் வேலையாகப் பொத்தானை அமுக்கி நேரத்தை நிறுத்தினாராம். அன்றைக்கே தலைவர் சொல்லிவிட்டார்: பயிற்சிக்கு வருகிறவர்கள் யாரும் கடிகாரமோ போனோ வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. எல்லாம் ஒரு துணிப்பைக்குள் போய்விட வேண்டும். அந்தப் பையை நான் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பேன். தலைவர் கையில் ஒரே ஒரு ஸ்டாப்வாட்ச் இருக்கும். நேரம் அவர் சொல்வது. தூரம் நான் போடுவது. இருபத்துமூன்று பேரும் இந்த இரண்டையும் நம்பி ஓடினார்கள்.

தூரம் போடுவது பெரிய வித்தை இல்லை. கைப்பிடி வைத்த ஒற்றைச் சக்கரம் ஒன்று குழுவில் இருக்கிறது. தள்ளிக்கொண்டு போனால் மீட்டருக்கு ஒரு தடவை டிக் என்று சத்தம் போடும், மேலே எண் ஏறும். தண்ணீர்த் தொட்டியிலிருந்து வாய்க்கால் ரோட்டோடு இரண்டாயிரத்து ஐந்நூறு டிக். அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டு உள்ளே 'திரும்பு' என்று எழுத வேண்டும். ஞாயிறு விடிவதற்குள் சைக்கிளில் போய் அந்த வட்டத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் கூம்பை வைத்துவிட்டு வர வேண்டும். போய்த் திரும்பினால் ஐந்து கிலோமீட்டர். நாலு தடவை போய்த் திரும்பினால் இருபது. வாய்க்கால் ரோட்டில் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கம்பிவேலி. வீடு கிடையாது, கடை கிடையாது, அடையாளம் வைத்துக்கொள்ள ஒரு மைல்கல்கூடக் கிடையாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா என்னைவிட ஏழு வயது பெரியவள். அம்மா இறந்துபோனபோது எனக்குப் பத்து வயது. அப்பா வேலை தேடி வேறு ஊருக்குப் புறப்பட்டார். இரண்டே மாதத்தில் வந்து எங்களை அழைத்துக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் துணிமணியை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். அங்கே அவருக்கு வேறொரு குடும்பம் ஆகிவிட்டது என்று அம்மாவின் தங்கையான சித்தி வந்து சொன்ன பிறகுதான் பெட்டியைப் பிரித்தோம். அக்கா சலவை நிலையத்தில் இஸ்திரி போடப் போனாள். எட்டு மணி நேரம் நின்றபடியே வேலை. நான் ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். எழுந்து நின்று சத்தமாக வாசி என்பார்கள். எனக்குத் தொண்டை பூட்டிக்கொள்ளும். ஒரு நாள் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. அக்கா திட்டவில்லை. தையல்காரரிடம் பேசி, காஜா எடுக்கிற வேலையும் ஓரம் மடிக்கிற வேலையும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். மாடியில் இரண்டு அறை. ஒன்றில் துணி, ஒன்றில் நாங்கள்.

அக்கா ஓட வந்ததே ஒரு பஸ்ஸால்தான். அவளை ஏற்றாமல் புறப்பட்ட பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடி, அது அடுத்த நிறுத்தத்துக்கு வருவதற்கு முன்னால் அவள் போய் நின்றுவிட்டாள். கடை வாசலில் நின்ற மருந்துக்கடைக்காரர் இதைப் பார்த்துவிட்டுத் தலைவரிடம் சொன்னார். தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். அக்கா ஓடப் போனாள், கூடவே போன என் கையில் சாக்பீஸைக் கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் குழுவில் அவளுக்கு முன்னால் ஓட ஆள் இல்லை. ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். குழுவில் ஓடுகிற எங்கள் தையல்காரர் மட்டும் அவளுக்குப் பின்னால் வரும்போதெல்லாம் ஷூ சரியில்லை என்பார். புது ஷூ வாங்கினால் புது ஷூ இன்னும் பழகவில்லை என்பார்.

இந்த சீசனில் ஐந்து போட்டிகள். முதலில் அரை மாரத்தான், பிறகு மாரத்தான், நடுவில் இரண்டு மலைப்பாதை ஓட்டங்கள், கடைசியில் பெரிய மாரத்தான். இரண்டாவது போட்டியில் அக்கா மூன்று மணி பத்தொன்பது நிமிடத்தில் முடித்தாள். பத்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. ரயிலில் ஆறு மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஒரு பயிற்சி மையத்திலிருந்து, அங்கே பெண்களுக்குப் பயிற்சி தருகிற அம்மா எழுதியிருந்தார். சீசனின் கடைசி மாரத்தானை மூன்று மணி பத்து நிமிடத்துக்குள் ஓடினால் அக்காவை எடுத்துக்கொள்வார்களாம். தங்க இடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அவர்களே. குறைக்க வேண்டியது ஒன்பது நிமிடம். கையில் இருந்தது பதினெட்டு வாரம்.

அக்கா அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆறே மாசம்டி. அங்க போய்க் கால் ஊனினதும் உன்னையும் கூட்டிக்கிறேன். அதுவரைக்கும் சித்தி வீட்ல இரு."

சரி என்றேன்.

"மூஞ்சியப் பாரு. லெட்டர்தானே வந்திருக்கு, லாரியா வந்து மோதிடுச்சு?" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

அக்கா பொய் சொல்கிறவள் இல்லை. ஆனால் அப்பாவும் அதைச் சொன்ன நேரத்தில் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். போகிற இடம் ஆட்களை மாற்றிவிடுகிறது. அவள் போகவே கூடாது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவசரப்படாமல் போகலாமே என்றுதான் நினைத்தேன். ஒரு வருடம் கழித்து, இரண்டு வருடம் கழித்து. எனக்கும் அதற்குள் கொஞ்சம் வாய் திறந்திருக்கும்.

முதல் தடவை நான் வேண்டுமென்று செய்யவில்லை. இதைக் கமிட்டி குறித்துக்கொள்ள வேண்டும். அந்த சனிக்கிழமை மழை பெய்து வட்டம் அழிந்துவிட்டது. சக்கரத்தில் சேறு அப்பிக்கொண்டு பாதி நேரம் டிக் சத்தமே வரவில்லை. இருட்டிக்கொண்டு வந்ததால் ஒரு குத்துமதிப்பாக வட்டத்தைப் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் அக்கா வழக்கத்தைவிடச் சில வினாடிகள் தாமதமாக வந்தாள். தலைவர் நேரத்தைச் சொன்னதும் அவள் முகம் விழுந்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "இந்த லட்சணத்துல எங்க போறது? போ, எங்கயும் போகல," என்று சொல்லிவிட்டு என் மடியில் தலையை வைத்துத் தூங்கிவிட்டாள். அம்மா போனதற்குப் பிறகு நாங்கள் அப்படி இருந்ததே இல்லை. நான் இரண்டு மணி நேரம் காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். தையல்காரரின் துணி அப்படியே கிடந்தது.

அடுத்த சனிக்கிழமை சக்கரத்தைக் கழுவி எண்ணெய் விட்டேன். நன்றாக ஓடியது. அளந்தபோது போன வாரம் பதின்மூன்று மீட்டர் தள்ளிப் போட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறுக்குத் திரும்பிப் போயிருக்கலாம். நான் இன்னொரு பதின்மூன்று மீட்டர் முன்னால் போனேன்.

பதின்மூன்று மீட்டர் என்பது நம் குழு படம் எடுத்துக்கொள்ள வரிசையாக நிற்கிற அகலம். போக வர இருபத்தாறு. அக்காவின் காலுக்கு ஏழு வினாடி. ஒரு தும்மலுக்கும் மூக்கைத் துடைப்பதற்கும் ஆகிற நேரம். ஏழு வினாடியால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது என்று எனக்குத் தோன்றியது, இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பழைய வட்டத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, பதின்மூன்று மீட்டர் தள்ளிப் புது வட்டம் போட்டேன். ஒரு வாரம்கூடக் கூடவோ குறையவோ போடவில்லை. பதினாறு வாரம்.

மற்றவர்களும் அதே ரோட்டில்தானே ஓடினார்கள், யாருக்கும் சந்தேகம் வரவில்லையா என்று தலைவர் கேட்டார். அதுதான் எனக்கும் ஆச்சரியம். முதல் மூன்று வாரம் பயந்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் ஓடுகிறவர்களைப் போலத் தங்களையே சந்தேகப்படுகிறவர்களை நான் பார்த்ததில்லை. மருந்துக்கடைக்காரர் தன் முழங்காலைச் சந்தேகப்பட்டார். பிறகு இரும்புச் சத்தை, பிறகு தூக்கத்தை, கடைசியில் மாமியார் வந்து தங்கியிருப்பதை. தையல்காரர் மூன்று ஜோடி ஷூ மாற்றினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறுங்காலில்கூட ஓடிப் பார்த்துவிட்டு, கால் சரியில்லை என்றார். இருபத்துமூன்று பேரும் தங்கள் உடம்பில் உள்ள ஒவ்வோர் உறுப்பையும் சந்தேகப்பட்டார்கள். காலுக்குக் கீழே இருந்த ரோட்டை ஒருவரும் சந்தேகப்படவில்லை.

சாக்கு வைத்திருந்தவர்கள் எல்லோரும் தப்பித்துக்கொண்டார்கள். அக்காவிடம் சாக்கு இல்லை. தாமதமாக வந்தால், நான் இன்னும் சரியாக ஓடவில்லை என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லத் தெரியும். நேரம் ஏறினால் அவள் பயிற்சியை ஏற்றினாள். ஞாயிறு போதாது என்று புதன்கிழமையும் அதே வட்டம் வரை ஓடினாள். பிறகு வெள்ளிக்கிழமையும். ஓடிவிட்டு நேராகப் போய் எட்டு மணி நேரம் நின்று இஸ்திரி போட்டாள். சாயங்காலம் வந்து படியில் ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். தலைவரே ஒரு தடவை, உடம்புக்கு ஓய்வு கொடு என்று அவளிடம் சொன்னார். நானும் அதையே சொன்னேன். உண்மையாகவே அக்கறையோடுதான் சொன்னேன்.

நாலைந்து வாரத்தில் விட்டுவிடுவாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அக்காவை எனக்கு முழுதாகத் தெரியும் என்று நினைத்தது என் தப்பு. இந்த எழுத்தில் தப்பு என்று நான் ஒப்புக்கொள்வது அது ஒன்றைத்தான்.

நடுவில் வந்த இரண்டு மலைப்பாதை ஓட்டங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கமிட்டியில் ஒருவர், மலையிலும் இவள் கை வைத்தாளா என்று கேட்டதாகக் கேள்விப்பட்டேன். அது என்னைப் புண்படுத்தியது. மலைப்பாதையில் வழி காட்டுவதற்கு மரக்கிளைகளில் சிவப்பு ரிப்பன் கட்டுவதும் என் வேலைதான். முந்நூற்று நாற்பது ரிப்பன் கட்டினேன். ஒன்றைக்கூட நகர்த்தவில்லை. மலையில் ஒரு ரிப்பன் தப்பானால் ஆள் பள்ளத்தில் விழுந்துவிடுவார். நான் அப்படிப்பட்டவள் இல்லை.

இரண்டாவது மலை ஓட்டத்தில் அக்காதான் பெண்களில் முதல். அடுத்து வந்த பெண்ணுக்கு அவள் பதினொரு நிமிடம் முன்னால் வந்திருந்தாள். மருந்துக்கடைக்காரர் கைதட்டிக் கை சிவந்துபோய், அதற்கும் தன் பையிலிருந்து ஒரு களிம்பை எடுத்துத் தடவிக்கொண்டார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் சொன்னாள்:

"மலையில நேரத்தை வச்சு என்ன தெரியும்? ஒரு தடவை ஏத்தம், ஒரு தடவை இறக்கம். வாய்க்கால் ரோடு அப்படி இல்ல. அது உள்ளதைச் சொல்லிடும்."

நான் பஸ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த வாரத்தில்தான் அவள் இடது காலில் அந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். தினமும் சாயங்காலம் அவள் காலை என் மடியில் போட்டு எண்ணெய் தேய்த்து அமுக்கிவிடுவேன். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், எலும்பின் மேலேயே, ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்குச் சூடான ஒரு வீக்கம். கட்டைவிரலை வைத்ததும் அக்கா தலையணையைக் கடித்தாள். யாரிடமும் சொல்லாதே என்றாள். தலைவருக்குத் தெரிந்தால் பெயரை எடுத்துவிடுவார். மருந்துக்கடைக்காரருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். நான் சொல்லவில்லை. இரகசியம் காப்பதில் என்னைப் போல் ஆள் கிடைக்காது.

அன்றைக்கு அவள் கேட்டாள், "ரெண்டரை மாசம் இவ்வளவு ஓடியும் ஒரு நிமிஷம் ஏறியிருக்குடி, குறையல. எனக்கு வயசாகுதா?" அவளுக்கு இருபத்தாறு.

அந்தச் சனிக்கிழமை மட்டும் வட்டத்தை நகர்த்தாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். பத்து மீட்டர் பின்னால்கூடப் போட்டிருக்கலாம். நேரம் கொஞ்சம் குறைந்திருக்கும், அவள் வேகத்தைத் தணித்திருப்பாள், கால் ஆறியிருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அப்படிச் செய்தால் அவளுக்கு நம்பிக்கை வந்துவிடும். பொய்யான நம்பிக்கை கொடுப்பது நல்லதில்லை. ஈரத் துணியால் பழைய வட்டத்தைத் துடைத்துவிட்டுப் பதின்மூன்று மீட்டர் முன்னால் போனேன். அதற்குப் பிறகும் ஆறு வாரம் போட்டேன். வீக்கம் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் பெரிதானது. எண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்தேன்.

கடைசிப் பயிற்சியில் ஐந்து கிலோமீட்டருக்கு அவள் எடுத்த நேரம் இருபத்துமூன்று நிமிடம் பதினேழு வினாடி. கடிதம் வந்த சமயத்தில் இருபத்திரண்டு இருபதுக்கு ஓடியவள். தலைவர் அதைச் சொல்லும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். அக்கா தலையை ஆட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிச் சுவரில் உட்கார்ந்தாள். "கடைசியா ஒரு தடவை ஓடிடறேன். அப்புறம் ஷூவை டெய்லர் அண்ணனுக்கே குடுத்துடறேன். அவராவது குறை சொல்லாம போடட்டும்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் மனதில் நிம்மதியாக இருந்தது.

பெரிய மாரத்தானுக்கு நானும் போனேன். முடிகிற இடத்தில் போர்வைகளை வைத்துக்கொண்டு நின்றேன். நடந்ததை எல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். முப்பதாவது கிலோமீட்டரில் ஒரு பெரிய மின்கடிகாரம் வைத்திருந்தார்கள். அதைத் தாண்டும்போது இரண்டு மணி ஒன்பது நிமிடம் காட்டியதாம். கடிகாரம் கெட்டுப்போய்விட்டது என்று அக்கா நினைத்தாளாம். அதே வேகத்தில் போயிருந்தால் மூன்று மணி ஒன்றரை நிமிடத்தில் முடித்திருப்பாள். கேட்டது மூன்று மணி பத்து. அவள் அதைக் கணக்குப் போடவில்லை. தான் தாமதம், தான் தாமதம் என்று நினைத்துக்கொண்டே இன்னும் வேகமாக ஓடினாள். முப்பத்துமூன்றாவது கிலோமீட்டரில் காய்ந்த குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதாம். அவள் ரோட்டோரமாகப் போய், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் உட்கார்ந்துகொண்டாள்.

பின்னால் வந்த மருந்துக்கடைக்காரர்தான் முதலில் பார்த்தது. பையில் இருந்த அத்தனை மருந்தையும் அவள் பக்கத்தில் கொட்டினார். ஆம்புலன்ஸ் வந்து அவளை ஏற்றுகிற வரைக்கும் இருந்தார். பிறகு அழுதுகொண்டே ஓடி, மூன்று மணி முப்பத்தொரு நிமிடத்தில் முடித்தார். அவர் வாழ்க்கையிலேயே அதுதான் அவருடைய நல்ல நேரம். பதினாறு நிமிடம் குறைந்திருந்தது. தையல்காரருக்கு இருபது நிமிடம் குறைந்தது. ஷூவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. குழுவில் அன்றைக்கு ஓடிய பத்தொன்பது பேரில், அக்காவைத் தவிரப் பதினெட்டுப் பேரும் தங்கள் பழைய நேரத்தை உடைத்தார்கள். அவர்கள் யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஆனால் அதுதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. தலைவர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எங்கள் மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்த சக்கரத்தை எடுத்துக்கொண்டு போய், கடைசி வட்டம் வரைக்கும் தள்ளிக்கொண்டு நடந்தார். இரண்டாயிரத்து எழுநூற்று எட்டு. ஏன் சந்தேகம் வந்தது என்று தையல்காரர் கேட்டதற்குத் தலைவர் சொன்னாராம்: "ஒரு வண்டி முன்னாடியே வந்துச்சுன்னா டிரைவர் கெட்டிக்காரன். எல்லா வண்டியும் ஒரே நாள்ல முன்னாடி வந்துச்சுன்னா இறங்கிப் போய்த் தண்டவாளத்தைத்தான் பாக்கணும்."

நல்ல பேச்சுத்தான். கொஞ்சம் முன்னாடியே பார்த்திருக்கலாம்.

அவர் வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னபோது நானும் அங்கேதான் இருந்தேன். காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் வைத்திருந்தாள். அவர் போன பிறகு இரண்டு நாள் அவள் என்னிடம் பேசவில்லை. ஆனால் நான் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டாள். தலை வாரிவிட்டபோது தலையைக் கொடுத்தாள். மூன்றாம் நாள் காலையில் சொன்னாள்:

"அவர் கீழ வச்சுட்டுப் போன சக்கரத்தை எடு. ஒரு ஆட்டோ கூப்பிடு."

தலைவர் இப்போது சரியான இடத்தில், இரண்டாயிரத்து ஐந்நூறில், சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருக்கிறார். அங்கே இறங்கினோம். ஆட்டோவைக் காத்திருக்கச் சொன்னாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள்.

"இன்னொரு கட்டை எங்க?"

ஆஸ்பத்திரியில் இரண்டு ஊன்றுகோல் கொடுத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துவர மறந்துவிட்டேன் என்றேன். அவள் ஒரு கையில் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை என் தோளில் வைத்தாள்.

"தள்ளு. சத்தமா எண்ணு," என்றாள்.

எனக்கு வராது என்று அவளுக்குத் தெரியும். எண்ணு என்று மறுபடியும் சொன்னாள், அதே குரலில். நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாற்பது வரைக்கும் குரல் உள்ளேயே கிடந்தது. அறுபதுக்கு மேல் எனக்கே கேட்டது. நூற்றைத் தாண்டியபோது ஆட்டோக்காரர் வண்டியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார். ஒவ்வொரு பதின்மூன்றிலும் அக்கா நின்றாள். ஒரு தடவைகூட அவள் என்னிடம் கேட்கவில்லை. எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று அவளாகவே கணக்கு வைத்திருந்தாள். பதினாறு தடவை நின்றாள். எட்டாவது தடவை அவளுக்கு மூச்சு வாங்கியது. பத்தாவது தடவை நிற்கும்போது, "இதுதானே கால் வீங்கின வாரம்?" என்றாள். ஆமாம் என்றேன். நான் எதையும் மறைக்கவில்லை.

இருநூற்று எட்டில் என் வட்டம் அரைகுறையாக அழிந்து கிடந்தது. அக்கா அதன் நடுவில் போய் நின்றாள்.

"அந்தக் கோச் அம்மாகிட்டப் பேசிட்டேன். முப்பது கிலோமீட்டர் நேரத்தைப் பார்த்தாங்களாம். அடுத்த சீசன் வரைக்கும் இடம் வச்சிருக்கேன்னு சொல்லிட்டாங்க. கட்டுப் பிரிச்ச மறுநாள் கிளம்பறேன். சித்தி ஞாயித்துக்கிழமை வந்து உன்னைக் கூட்டிட்டுப் போவாங்க."

"ஆறு மாசத்துல வந்து கூட்டிக்குவியா?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். எண்ணி எண்ணித் தொண்டை திறந்திருந்தது.

அக்கா ஆட்டோ நின்ற பக்கமாகத் திரும்பினாள்.

அவ்வளவுதான் நடந்தது. பதினாறு வாரமும் வட்டத்தை நகர்த்தியது நான். கால் முறியும் என்று தெரிந்தும் நகர்த்தியது நான். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். குழுவிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவதாகத் தலைவர் சொன்னார், அது நியாயம். ஆனால் அக்கா என்னை வெறுத்துவிட்டாள் என்று தையல்காரர் கடையில் பேசிக்கொள்கிறார்களாம். அது மட்டும் தவறு. திரும்பி வரும்போது அந்த இருநூற்று எட்டு மீட்டரும் அவள் என் தோளை விடவே இல்லை. உடம்பின் பாரம் முழுவதையும் என் மேல் போட்டுக்கொண்டுதான் நடந்தாள். வேண்டாதவள் மேல் யாராவது அப்படிச் சாய்வார்களா என்று கமிட்டி யோசித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு ஊன்றுகோலை நான் மறக்கவில்லை. கதவுக்குப் பின்னால், துணி மூட்டைக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.